என் மனைவியின் பூட்ஸுக்கு நான் செய்த கட்டை

எங்கள் தெருவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்த பெண் என் மனைவி ஒருத்திதான். தெருவை விடுங்கள், அந்தக் காலத்துத் திருத்தணியில் ஆண்களிலேயே போலீஸ்காரர்கள், ரயில்வேக்காரர்கள் சிலர், பஜாரில் ஒரு டாக்டர், இவ்வளவு பேர் காலில்தான் நான் பூட்ஸ் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ரப்பர் செருப்பு. மலைக்கு வருகிறவர்கள் அதையும் அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். தறிக்காரர்களுக்கு அதுகூட வேண்டியதில்லை. பொழுது விடிந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டால் பொழுது சாயும்வரை மிதிக்கட்டையைத்தான் மிதிக்கப்போகிறோம். என் நைனா சாகும்வரை செருப்பே வாங்கியதில்லை. ஒருமுறை மெட்ராஸுக்குப் போனபோது யாரோ இரவல் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே போய்வந்தார்.

நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி. அவள் என் தாய்மாமன் மகள், பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்து என்னை ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அதுவே நின்றுவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நான், அவள், என் அம்மா, ஒரு தறி. நான் நெய்வேன், அவள் ராட்டினத்தில் குறுக்கு நூலைச் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றி எனக்குப் போடுவாள். அவள் சுற்றின தார் ஓடும்போது நூல் சிக்கினதாக எனக்கு ஞாபகமே இல்லை.

முதலில் கையில்தான் தெரிந்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். இறக்கிவிட்டு, அதைப் பிடித்தபடியே என் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டு நின்றாள்.

“அடியே, கை வேவுதுடி! சட்டிய வுடுடி!” என்று அம்மா கத்தினாள்.

அவள் குனிந்து கையைப் பார்த்தாள். “ஆமா இல்ல?” என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் செருப்பு. பஜாருக்கு இரண்டு செருப்போடு போவாள், ஒன்றோடு வருவாள். எதிர் வீட்டுக்காரரும் தறிக்காரர். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார். கஞ்சி பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னா அண்ணி, ஒரு செருப்ப முருகருக்குக் காணிக்க போட்டுட்டியா?” என்பார்.

“ஆங், இன்னொண்ண ஒனக்குப் போடலாம்னு எடுத்தாந்துகினு கீறேன், கிட்ட வா” என்பாள் அவள். தெருவே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்த் தேடி எடுத்துவருவாள்.

ஆனால் வீட்டுக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “பாவா, செருப்பு கழண்டது எனக்குத் தெரியல. நெஜமாவே தெரியல.”

அந்த மாதமே சைக்கிளில் ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்க்கிறவர். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் இங்கே தொட்டு அங்கே தொட்டு, “எங்க தொட்டேன், சொல்லும்மா” என்று கேட்டார். கையில் பாதி இடம் சொன்னாள். பாதத்தில் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். அவர் அதற்குள் ஏழெட்டு இடத்தில் தொட்டிருந்தார்.

நாங்கள் அதைப் ‘பெரிய வியாதி’ என்போம். வேறு பெயர் சொல்லமாட்டோம். சைக்கிள்காரர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். மாத்திரை போட்டால் வியாதி நின்றுவிடும், யாருக்கும் ஒட்டாது, வீட்டை விட்டு எங்கேயும் அனுப்பவேண்டாம் என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, “மாத்திர வியாதிய நிறுத்தும், போன உணர்ச்சியத் திருப்பித் தராது. கால்ல புண்ணு மட்டும் வராம பாத்துக்கோங்க. புண்ணு வந்தாதான் கால் போவும்” என்றார்.

அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, “என் அண்ணன் பொண்ணு. வேற எங்க போவா?” என்றாள், யாரும் கேட்காமலே.

அவளுடைய பயம் வேறே. மலைப்படி தொடங்குகிற இடத்தில் கிருத்திகை நாட்களில் ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். துணி விரித்து, தகர டப்பா வைத்து, காலில் துணி சுற்றிக்கொண்டு. சின்ன வயதில் தன் அப்பாவோடு காவடிக்கு வந்தபோதெல்லாம் அவள் அந்த வரிசையைத் தாண்டித்தான் மேலே ஏறியிருக்கிறாள். அவர்களில் பல பேர் முன்னே நல்ல வீட்டில் இருந்தவர்கள்தான். காலில் புண் நாறினதும் வீட்டார் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

“பாவா, என்ன அந்த வரிசைல மட்டும் உக்கார வெச்சுடாத.”

“இன்னா பேச்சு பேசற நீ.”

“சொல்லு. உக்கார வெக்கமாட்டேன்னு வாயால சொல்லு.”

சொன்னேன்.

வருஷம் போகப்போக வலது பாதம் தொங்க ஆரம்பித்தது. நடக்கும்போது விரல்கள் தரையில் இழுபடும். கைவிரல்களும் உள்பக்கம் மடங்கின. தார் சுற்றுவதற்கு மணிக்கட்டையும் உள்ளங்கையையும் வைத்து வேறே விதமாகப் பழகிக்கொண்டாள். அதுவும் நன்றாகத்தான் சுற்றினாள். ஆனால் ஊசியைப் பிடிக்கவோ முடிச்சுப் போடவோ முடியாது.

அப்போது சைக்கிள்காரர் தூரத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. பஸ்ஸில் எல்லோரும் அந்தப் பேச்சே பேசிக்கொண்டு வந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். அந்த ஆஸ்பத்திரியில் பூட்ஸ் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே வியாதி வந்து குணமானதுதான், அவர் விரல்களும் மடங்கியிருந்தன. அந்த விரல்களோடு ஊசியைப் பிடிக்க ஒரு தோல் உறை தைத்து மாட்டிக்கொண்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு பூட்ஸ். உள்ளே மெத்தென்று ரப்பர். கணுக்கால்வரை ஏறும். தொங்குகிற பாதத்தைத் தூக்கிப் பிடிக்க முன்னால் ஒரு பட்டை. லேஸ் இறுக்கமாக இருந்தால்தான் அந்தப் பட்டை வேலை செய்யும், பாதமும் உள்ளே உரசாது. தளர்ந்தால் உரசிப் புண் வரும் என்றார் அவர்.

“தெனம் சாயங்காலம் கழட்டிப் பாதத்த நல்லாப் பாக்கணும். அந்தம்மா தானா பாத்துக்கும்னு வுட்றாத. நீ பாரு” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அவள் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸில் காலை விட்டாள். லேஸை இழுக்க முடியவில்லை. விரல் மடங்காமல் நீளாமல், லேஸ் நுனி நழுவி நழுவிப் போனது. நான் குனிந்து அவள் முன்னால் உட்கார்ந்து காலைப் பிடித்தேன்.

அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “ஐயோ, இன்னா பாவா இது! எழுந்திரு, எழுந்திரு.”

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். “ஏண்டா, நடுத்தெருவுல பொண்டாட்டி காலப் புடிக்கிறியே, ஒனக்கு மானம் கீதா இல்லியா? அவளுக்குப் பாவம் சேரும்டா.”

“லேஸ் கட்டறேன்மா.”

“இன்னாத்த வேணா கட்டு. கால் கால்தான்.”

எதிர் வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “அண்ணே, அப்பிடியே விழுந்து ஒரு கும்புடு போட்டுடு, ஆசீர்வாதம் பண்ணும்” என்றது ஒரு குரல்.

இப்போது நினைத்தால் அந்தப் பேச்சுக்கெல்லாம் நான் ஏன் எழுந்தேன் என்று இருக்கிறது. ஆனால் எழுந்துவிட்டேன். எங்களில் புருஷன் பெண்டாட்டி காலைத் தொடுவது ஒரே ஒரு தடவைதான், கல்யாணத்தில் மெட்டி போடும்போது. அன்றைக்கே மாப்பிள்ளையை எல்லோரும் கேலி பண்ணுவார்கள்.

அவள் லேஸ் கட்டாமலே நடந்தாள். இரண்டாம் நாள் பம்பு கிட்ட லேஸை மிதித்து விழுந்தாள். குடம் நசுங்கியது.

“வாணாம் பாவா, நான் செருப்பே போட்டுக்கறேன்” என்றாள்.

“செருப்புல புண்ணு வரும்.”

“அப்ப இன்னா பண்ணலாம்கிற?”

நான் தறியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு யோசனை வருவதெல்லாம் தறியில்தான். குழித்தறியில் பாவை நீளமாக இழுத்து, அதைக் கட்டின கயிற்றை ஒரு முளையைச் சுற்றிக் கொண்டுவந்து நெய்கிறவன் பக்கத்திலேயே மாட்டியிருப்போம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இறுக்கலாம், தளர்த்தலாம். முடிச்சே இல்லை. அதையே சின்னதாகச் செய்தால் என்ன என்று தோன்றியது.

ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை ஒன்று உடைந்து கிடந்தது. இரும்பு மாதிரி மரம். அதில் கட்டைவிரல் அளவு அறுத்து, குறுக்கே இரண்டு துளை போட்டேன். இரண்டு லேஸ் நுனியும் துளைகள் வழியாக வெளியே வரும். துளைகளுக்கு மேலே நறுக்கி, அதில் ஒரு சின்ன ஆப்பு இறங்குகிற மாதிரி செய்தேன். ஆப்பை அமுக்கினால் கயிறு இரண்டும் கவ்விக்கொள்ளும். வெளியே வந்த நுனிகளை ஒன்றாக முடிந்து வளையம் ஆக்கினேன். அவள் மணிக்கட்டை அந்த வளையத்தில் விட்டு மார்பு பக்கமாக இழுக்கவேண்டும், இன்னொரு உள்ளங்கையால் ஆப்பை அழுத்தவேண்டும். விரலே வேண்டாம். இடது பூட்ஸுக்கும் ஒன்று செய்தேன், அந்தக் கால் தொங்காததால் அதை அவ்வளவு இறுக்கவேண்டியதில்லை.

கடை லேஸ் அதில் நிற்கவில்லை. வழவழப்பு. ஆப்புக்குள் இருந்து நழுவியது. அதனால் இருபதாம் நம்பர் பருத்தி நூலை எடுத்து, பல இழை சேர்த்து முறுக்கி, மடக்கி மறுபடி முறுக்கி, கஞ்சி தோய்த்து, வெயிலில் இழுத்துக் கட்டிக் காயவைத்தேன். அந்தக் கயிறு நின்றது. நான் இழுத்தாலும் அசையவில்லை. விரலால் தட்டிப் பார்த்தேன், பாவு இழையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. நல்ல விறைப்பு. எனக்கு ரொம்பத் திருப்தி.

“எப்பிடி கீது?” என்று கேட்டேன்.

“சரியா கீது பாவா” என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்கிற புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

அன்றைக்கு அவள் சரவணப் பொய்கைக் கரைவரை போய்வந்தாள், தனியாக. கால் இழுபடவில்லை. திரும்பி வந்து வாசலில் நின்று, “பாவா, நான் நடக்கறது சத்தம் கேக்குது, கேட்டியா? டக்கு டக்குனு” என்றாள். எதிர் வீட்டுக்காரர் தெருவைத் தாண்டி வந்து கட்டையை உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு. என் அண்ட்ராயர் நாடா நிக்கவே மாட்டுது.”

“வயித்தக் கொற, தானா நிக்கும்” என்றாள் அவள்.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகப் போனது. பஜாருக்குப் போனாள், ரேஷனுக்குப் போனாள், பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்துவந்தாள். யாராவது கேட்டால், “கால்ல நரம்பு எளச்சுப் போச்சு, டாக்டரு போடச் சொன்னாரு” என்பாள். வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நடக்க அம்மா முதலில் முணுமுணுத்தாள், அப்புறம் பழகிவிட்டாள். சாயங்காலம் அவள் கொல்லையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவுவாள். நான் தறியிலிருந்தே, “பாதத்தப் பாத்தியா?” என்பேன். “பாத்தேன், பாத்தேன்” என்பாள். நான் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. பூட்ஸ் தைக்கிறவர் சொன்னது மனதில் இருந்தது. ஆனால் கட்டைதான் இருக்கிறதே, எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாளே என்று விட்டுவிட்டேன். தினம் காலை நானே கட்டியிருந்தால் தினம் அந்தக் காலைப் பார்த்திருப்பேன். அந்த வேலையை எனக்கு இல்லாமல் செய்யத்தான் கட்டையைச் செய்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மலை உச்சி தெரியவில்லை. முதல் நாள் காலை மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். அவள் டின்னை எடுத்துக்கொண்டு போனாள். மத்தியானம் வரைக்கும் வரிசையில் நின்றிருக்கிறாள். வந்தபோது தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

“எண்ணெய் கெடச்சிதா?” என்றாள் அம்மா.

“கெடச்சிது அத்த. முந்தானையப் போட்டு மூடிகினு வந்தேன். நான் நனஞ்சேன், டின்னு நனையல.”

“பொடவைய மாத்து. அந்தப் பூட்ஸையும் கழட்டிப் போடு, தரையெல்லாம் ஈரம்.”

“பொடவைய மாத்திக்கறேன். பூட்ஸு கெடக்கட்டும் அத்த, திரும்பப் பால் வாங்கப் போவணும். ஈரத்துல ஆப்பு ஊறிப்போயி கழட்ட வரமாட்டுது.”

புடவை மாற்றிக்கொண்டு வந்து ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தாள். நான் நெய்துகொண்டிருந்தேன். மழை நாளில் நெய்வது தொல்லை. முறுக்கின பருத்திக் கயிறு ஈரம் பட்டால் சுருங்கும். வெயில் நாளில் தளர்ந்து கிடக்கிற பாவுக் கயிறு மழை நாளில் தந்தி மாதிரி நிற்கும். கவனிக்காமல் விட்டால் பாவு இழைகள் படபடவென்று அறும். தறியில் உட்கார்ந்த முதல் வருஷமே எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை கயிற்றைத் தளர்த்தினேன்.

மூன்றாம் தடவை தளர்த்தும்போது அலுத்துப்போய், “சே, ஈரத்துல கயிறு இறுகிகினே போவுது” என்றேன்.

அவள் ராட்டினத்தை நிறுத்தாமல், “தளத்தி வுடு பாவா, இழை அறுந்துடப் போவுது” என்றாள்.

நாலு முழம் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஈரப் பூட்ஸை என் பக்கம் நீட்டிக்கொண்டு.

மறுநாளும் அதே ஈரப் பூட்ஸ், அதே மழை. அதற்கடுத்த நாளும். ராத்திரி படுக்கும்போது கழற்றினாளா, கழற்ற வராமல் விட்டாளா, எனக்குத் தெரியாது. அப்புறம் கேட்டதற்கு, ஒரு நாள் கழற்றினேன், ஒரு நாள் வரவில்லை என்றாள்.

நாலாம் நாள் வெயில் வந்தது. எல்லா வீட்டிலும் துணி, பாய், நூல் எல்லாம் வெளியே வந்தன. அவளும் பூட்ஸைக் கொல்லையில் காயவைத்தாள். நான் தண்ணீர் குடிக்கப் பின்னால் போனேன். வலது பூட்ஸின் வாயில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இடது பூட்ஸில் ஒரு ஈகூட இல்லை.

அவள் கிணற்றடியில் நின்று குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள், வெறுங்காலோடு.

“கால காட்டு” என்றேன்.

“ஏன்?”

“காட்டு மே.”

பாதத்தின் மேல்பக்கம், கயிறு குறுக்கே போகிற இடத்தில், ஒரு பள்ளம். தோல் விட்டுப்போய் உள்ளே கறுத்திருந்தது. சுண்டுவிரலின் நிறம் சரியாக இல்லை. அந்தக் காலின் மேல்தான் குடம் விளக்கின தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

“வலிக்கலையா?” என்று கத்தினேன். அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று கேட்டுமுடித்த பிறகுதான் தெரிந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “அத்தைக்கிட்ட சொல்லாத பாவா” என்றாள்.

அன்றைக்கே பஸ் ஏறினோம். காலில் என் துண்டைச் சுற்றியிருந்தேன். பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் நின்றார். அவள் முந்தானையைக் காலின் மேல் போட்டு மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். தினம் கட்டு மாற்றினார்கள். எலும்புக்குப் போகாமல் நிறுத்தப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். நான் வராந்தாவில் படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பூட்ஸ் தைக்கிறவர் வந்தார். அவள் பூட்ஸை எடுத்து, கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடங்கின விரல்களாலேயே ஆப்பை அமுக்கினார், எடுத்தார், மறுபடி அமுக்கினார்.

“யாரு பண்ணது?”

“நான்தான்.”

“நல்லாப் பண்ணியிருக்க. எனக்கே இந்த யோசனை வரல.” அப்புறம் கயிற்றைத் தொட்டார். “இது கட லேஸ் இல்லியே?”

“நான் முறுக்கினது. பருத்தி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ இன்னா வேல செய்யிற?”

“தறி.”

அவர் பூட்ஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் பார்த்தார்கள். எலும்புக்குப் போய்விட்டது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுக்கவேண்டும் என்றார்கள். நான்தான் கைநாட்டு வைத்தேன். அவள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே கேட்டாள்.

“எடுத்துட்றாங்களா?”

“ஆங்.”

கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். “அப்ப அந்த வரிசைதான் எனக்கு” என்றாள்.

“ஒன்ன எவன் அனுப்புவான்?”

“நீ அனுப்ப மாட்ட. நானா போறேன். ஒத்தக் கால வெச்சிகினு ஒனக்கு இன்னா சமைச்சிப் போடுவேன், இன்னா தார் சுத்துவேன்? அத்தைக்கும் வயசாச்சி.”

“இன்னொரு காலு கீது இல்ல?”

“அதுவும் எத்தினி நாளைக்கி?” என்றாள்.

அவள் இடது கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், நர்ஸம்மா நின்றிருந்தார். அவள் இழுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால், எல்லாம் பார்த்தேன். ஒரு காய்ப்பு இருந்தது, வேறே ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் உள்ளங்காலை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்தது. எதிர் வீட்டுக்காரர் அண்ணியைக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டார். அது அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று வீட்டில் எங்களிடம் நெருப்பு வாங்குவது, தண்ணீர் வாங்குவது நின்றுபோனது. அம்மா அவளுக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள்.

கட்டுப்போட்ட கால் ஆறினதும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம், கட்டைக்கால் ஒன்று பொருத்தினார்கள். இடது காலுக்குப் புது பூட்ஸ். பூட்ஸ் தைக்கிறவர் கடை லேஸையே கோத்துக் கொடுத்து, என்னைக் கீழே உட்காரச் சொல்லி, எப்படிக் கட்டவேண்டும் என்று காட்டினார். கட்டி முடித்ததும் ஒரு விரலை லேஸுக்கு அடியில் விட்டுப் பார்க்கவேண்டும், விரல் போகவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டவேண்டும். மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் அவிழ்த்துப் பார்க்கவேண்டும்.

வீடு திரும்பின மறுநாள் காலை அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள், பத்துப் பேர் இருந்தார்கள். நான் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தலை குனிந்திருந்தாள், காலை இழுக்கவில்லை. கஞ்சி பிரஷ் சத்தம் நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தது. அம்மா உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் காலடியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் ஏழு வருஷம் இருந்தாள். தார் சுற்றினாள். மலையடிவாரம் பக்கம் மட்டும் போகமாட்டாள், நானும் கூப்பிட்டதில்லை. கடைசியில் அவளைக் கொண்டுபோனது வேறே, ஒரு மார்ச்சளி. இடது காலில் ஒரு புண்ணும் இல்லாமல்தான் போனாள்.

அந்த ஏழு வருஷத்தில் அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. நான்தான் ஒவ்வொரு காலையும் லேஸைக் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், “இறுக்கமா கீதா?” என்று அவளைக் கேட்டுவிடுவேன்.

“என்ன ஏன் பாவா கேக்கற?” என்பாள். “எனக்கு இன்னா தெரியும்? ஒன் வெரலக் கேளு.”

விரலை விட்டுப் பார்ப்பேன். போகும். போன பிறகும் கொஞ்ச நேரம் அதை அங்கேயே வைத்திருப்பேன். விரல் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.